இருபத்து நாலு மணி நேர ராத்திரி

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் சாந்திமதியின் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் இல்லை. டைம் ஆபீஸுக்கு மேலே குளியலறை அளவுக்கு ஒரு அறை, அதில் ஒரு மைக், ஒரு மின்விசிறி, ஒரு நோட்டு. பட்டுக்கடை விளம்பரத்துக்கும் அடுத்த பட்டுக்கடை விளம்பரத்துக்கும் நடுவில், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விளம்பரக் கம்பெனி நாலு முறை கைமாறியது. குரல் மாறவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வண்டி விட்டால், நேர அட்டவணையை அப்படியே வாசிக்க மாட்டாள். தூரத்தை நேரத்தால் வகுத்துப் பார்ப்பாள். ஒருமுறை வேலூர் வண்டிக்கு முக்கால் மணி நேரம் என்று எழுதி மேலே அனுப்பியிருந்தார்கள். சாந்திமதி மைக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். "எழுவது கிலோமீட்டர முக்கா மணில போவணும்னா அது பஸ் இல்ல தேவேந்திரன், ராக்கெட்டு. திருத்திக் குடு, அப்புறம் படிக்கறேன்" என்றாள். டைம் கீப்பர் தேவேந்திரன் திருத்திக் கொடுத்தார்.

இன்னொரு பழக்கம் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. முசரவாக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது, வாயில் ஒரு பருக்கை போகாது. தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். மார்கழியில் ஐந்தேகாலுக்கே டப்பாவைத் திறந்துவிடுவாள், ஆனியில் ஆறு மணிவரை பொறுப்பாள். கீழே டிரைவர்கள் அதை வைத்தே கேலி பேசுவார்கள்: "அக்கா டப்பாவ மூடிட்டாங்கபா, ஹெட்லைட்டப் போடு."

மகள் சம்யுக்தா பிறந்தது ஒரு மாலை ஏழு மணிக்கு. பாலும் ரொட்டியும் கொண்டுவந்த நர்ஸிடம் சாந்திமதி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"பெத்த உடம்பும்மா. சாப்பிடலன்னா மயக்கம் வரும்."

"வரட்டும் சிஸ்டர். விடிஞ்சா தெளிஞ்சிடும்."

அப்போது வயது இருபத்தைந்து. இப்போது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்து ஒன்பது வருடம். சர்க்கரை வந்து ஆறு வருடம். போன ஐப்பசியில் ஒரு விரத நாளில் மைக் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். திருவண்ணாமலை வண்டி என்று தொடங்கிய அறிவிப்பு பாதியில் நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் நிலையம் முழுக்கக் கேட்டது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மகன் பிரவீன். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உங்க நோன்ப நான் வேணாங்கல. ஆனா ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல பதினாறு மணி நேரம்தான். அதுக்கு மேல போனா மாத்திரை உங்களையே சாப்ட்ரும்."

அந்தப் பதினாறு பிரவீனின் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் சம்யுக்தா நியூஜெர்சியிலிருந்து பேசினாள். மார்கழியில் பிரசவம். மாமியாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, வர முடியாது. "அம்மா, நீ வா. வேற யாரும் வேணாம்" என்றாள். அதிகம் கேட்கிற பெண் இல்லை அவள்.

விசா வந்தது. ஸ்ரீபெரும்புதூர்க் கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்த பிரவீன், செல்போனை அம்மாவின் முன் நீட்டினான்.

"ராத்திரி ஒம்பது மணிக்கு மீனம்பாக்கத்துல ஏறுற. காலைல ஏழரைக்கு நியூயார்க்ல இறங்குற. நடுவுல அரபு நாட்ல ஒரு எடத்துல மாறணும், அவ்ளோதான். கோயமுத்தூர் பஸ் மாதிரிமா. வீட்ல அஞ்சரைக்கு சாப்ட்டு ஏறு, தூங்கு, விடிஞ்சதும் எழுந்து பல்ல வெளக்கு. உன் நோன்புக்கும் கேடில்ல, சர்க்கரைக்கும் கேடில்ல."

அவன் நாள்கணக்கில் தேடி எடுத்த டிக்கெட். சாந்திமதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளைக்கு எவ்வளவு யோசனை என்று தேவேந்திரனிடம்கூடச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, செய்யாறு வண்டிக்கும் உத்திரமேரூர் வண்டிக்கும் நடுவில் கை சும்மா இருந்தபோது, நோட்டை எடுத்தாள். சென்னை, நியூயார்க். ஒன்பதிலிருந்து ஏழரை: பத்தரை மணி நேரம். தூரம் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"இங்கேருந்து அங்க எத்தினி கிலோமீட்டர்மா?"

"நேரா அளந்தா பதிமூணாயிரத்து ஐந்நூறு இருக்கும்மா. ஏன்?"

"ஃபிளைட்டு மணிக்கு எவ்ளோ போகும்?"

"எண்ணூறு, மிஞ்சினா தொள்ளாயிரம்."

சாந்திமதி வகுத்தாள். ஆயிரத்து இருநூற்று எண்பத்தைந்து. மறுபடி வகுத்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சம்யு, இது வேலூர் பஸ் கதையா இருக்குது. பத்தரை மணி நேரத்துல எந்த ஃபிளைட்டும் அங்க வர முடியாது."

சம்யுக்தா, "ஐயோ, அம்மா. ஏழரைங்கிறது இங்கத்த டைம்மா. எங்களுக்கும் உங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். நீ வர்றதுக்கு மொத்தம் இருபத்தோரு மணி நேரம் ஆகும்" என்றாள்.

"சரி. நடுவுல எப்ப விடியும்?"

"அது... டிசம்பர்ல இங்க ஏழேகாலுக்குத்தான் விடியும்."

"அதுக்கு முன்னாடி?"

"நீ மேற்க வந்துக்கினே இருப்ப. ராத்திரியும் மேற்க வந்துக்கினே இருக்கும்."

வீட்டில் ஐந்தே முக்காலுக்கு அஸ்தமனம். நியூயார்க்கில் ஏழேகாலுக்கு உதயம். அந்த ஏழேகால் காஞ்சிபுரத்துக் கணக்கில் மறுநாள் மாலை ஐந்தே முக்கால். இடைவிடாமல் இருபத்து நாலு மணி நேரம் ஒரே ராத்திரி. டாக்டர் கொடுத்ததோ பதினாறு.

செல்போன் கடிகாரத்தை நம்பி அம்மாவை ஒரு முழு நாள் பட்டினியில் ஏற்றப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் பிரவீனுக்கு முகம் வெளிறிப்போனது. பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிட்டது. கணவரின் அண்ணன் வர்த்தமானன் முசரவாக்கத்திலிருந்து வந்திருந்தார். வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர், குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைப்பவர்.

"ரெண்டே வழிதான்மா," என்றான் பிரவீன். "ஃபிளைட்ல குடுக்கறத அந்த ஒரு ராத்திரி சாப்டு. இல்லன்னா போவாத. நடு வானத்துல நீ மயங்கி வுழுந்தா யாரு தூக்குவா? நான் இங்க உக்காந்துக்கினு என்ன பண்ணுவேன்?"

"ஒரு வழிதான்," என்றார் வர்த்தமானன். "போவ வேணாம். அவ்ளோ தூரம் போனா நோன்பு நிக்காது. இத்தினி வருஷம் காப்பாத்துன பேர வெள்ளக்காரன் தட்டுல கொட்டிட்டு வரணுமா? அங்க ஆஸ்பத்திரி இருக்குது, நர்ஸ் இருக்குது. கொழந்த தானா பொறக்கும்."

சாந்திமதி இருவரையும் பார்த்தாள். அவளுக்கு மைக் இல்லாமலே சத்தம் வரும், ஆனால் அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"மாமா, உங்க பேரன் கல்யாண வரவேற்புல ராத்திரி பத்து மணி வரைக்கும் பந்தி நடந்துது. அப்போ சூரியன் எங்க இருந்தான்? மண்டபத்துக்குப் பின்னாடியா?"

வர்த்தமானன் துண்டை எடுத்து உதறினார். "அது ஊருக்காகப் போட்டது."

"இது எனக்காக நான் இருக்கறது. நோன்பும் விடமாட்டேன், என் பொண்ணையும் விடமாட்டேன். ரெண்டுல ஒண்ணுன்னு யாரு கணக்குப் போட்டது? டிக்கெட் தப்புன்னா டிக்கெட்ட மாத்து. என்னை ஏன் மாத்தற?"

"எந்த டிக்கெட்டா இருந்தாலும் ஒரு ராத்திரி வந்துதான்மா தீரும்!" என்றான் பிரவீன்.

"வரட்டும். எவ்ளோ பெருசுன்னு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை ஒலிமுகமதுபேட்டையில் நசீருதீனின் கடைக்குப் போனாள். ஹஜ், உம்ராவுக்கு ஆட்களை அனுப்பிவைக்கிற டிராவல்ஸ். அதன் விளம்பரத்தை எட்டு வருடமாக வாசித்தவள் அவள்தான்.

"பஸ் ஸ்டாண்டே ஆபீஸுக்கு வந்துடுச்சே! உக்காருங்கக்கா. உங்க குரல்ல எங்க கடை பேரக் கேட்டா எனக்கே உம்ரா போவணும்னு தோணுது."

அவள் விஷயத்தைச் சொன்னாள். நசீருதீன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரமலான்ல எங்க ஆளுங்களும் இதே தொல்லதான் குடுப்பாங்கக்கா. ஃபிளைட்ல எப்ப நோன்பு தொறக்கறது, சென்னை டைமா, ஜித்தா டைமாம்பாங்க. கடிகாரத்தப் பாக்காதே, ஜன்னலப் பாருன்னுவேன். கீழ ஊரு இருட்டா இருந்தாலும் உன் கண்ணுக்கு சூரியன் தெரிஞ்சா அது பகல்தான்."

"அப்போ எனக்கும் அதே சட்டம்தான் பாய், திருப்பிப் போட்டுக்க வேண்டியதுதான்."

"ஆமா. நாங்க எப்படா போவான்னு பாக்கறோம். நீங்க போயிடுவானோன்னு பாக்கறீங்க."

சாந்திமதி நோட்டைத் திறந்தாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.

"சூரியன் மேற்க போறான். நானும் மேற்க போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே ரூட்டு. சாயங்காலம் ஏறுனா ராத்திரி கூடவே வருது, சரி. காலைல ஏறுனா?"

நசீருதீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். அரபு நாடு வேண்டாம் என்று தள்ளினார், ராத்திரிப் புறப்பாடுகளைத் தள்ளினார். கடைசியில் ஒன்று நின்றது. சென்னையில் விடியற்காலை ஐந்து முப்பத்தைந்து. லண்டனில் அந்த ஊர் நேரம் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன். அங்கிருந்து பன்னிரண்டு ஐம்பத்தைந்து. நியூயார்க்கில் அதே நாள் மாலை மூன்று ஐம்பத்தைந்து.

லண்டன் வரை எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், அப்புறம் ஐயாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. இருவரும் தூரத்தை நேரத்தால் வகுத்தார்கள். இந்த முறை கணக்கு ஒத்துவந்தது. பிறகு சூரியனைக் கணக்கில் சேர்த்தார்கள். சென்னையில் ஆறு இருபத்திரண்டுக்கு உதயம். நியூயார்க்கில் நாலரைக்கு அஸ்தமனம். அது சென்னைக் கணக்கில் மறுநாள் விடியற்காலை மூன்று.

"இருபதரை மணி நேரம் பகல்," என்றார் நசீருதீன். "இவ்ளோ நாளா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு பகல நான் வித்ததே இல்லக்கா."

"ஜன்னல் சீட்டு. எடது பக்கம்."

"எடதுன்னா என்ன விசேஷம்?"

"மார்கழில சூரியன் தெக்க சாஞ்சுதான் போவான். மேற்க போற வண்டில தெக்கு எடது பக்கம். பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சவளுக்கு இது தெரியாதா?"

மாற்றுவதற்கு ஆன செலவைத் தன் தபால் நிலையச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அன்று இரவு டிக்கெட்டைப் பிரவீன் முன்னால் வைத்தாள். அவன் மூன்று முறை படித்தான். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"லேட்டானா?" என்றான்.

"இருபத்தாறு வருஷமா லேட்டத்தான்டா நான் மைக்ல சொல்லிக்கினு இருக்கேன்."

கிளம்பும் அன்று மாலை ஐந்தரைக்கு வீட்டில் சாப்பிட்டாள். மறுநாள் விடியற்காலை விமானம் ஏறும்போது இருட்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து இறக்கையின் ஓரம் சிவந்தது. வட்டம் முழுதாக எழும்வரை பொறுத்து, பிறகுதான் தட்டின் மூடியைத் திறந்தாள். லண்டன் வரை ஒரு குறையும் இல்லை. சொன்ன நேரத்துக்கு இறங்கினாள், மாத்திரையோடு மதிய வேளையையும் விமானத்திலேயே முடித்திருந்தாள். கைப்பையில் மிளகாய்ப்பொடி தடவிய ஆறு இட்லி. அது மூன்றாவது வேளைக்கு.

லண்டனில் பலகையைப் பார்த்ததும் அவளுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. சிவப்பு எழுத்து எந்த ஊரிலும் சிவப்பு எழுத்துதான். நியூயார்க் விமானம் ஒரு மணி இருபது நிமிடம் தாமதம்.

பயணிகள் பெருமூச்சுவிட்டுக் காபி வாங்கப் போனார்கள். சாந்திமதி நோட்டை எடுத்தாள். இறங்கும்போது மணி ஐந்தேகால் ஆகிவிடும். அதற்கு வெகு முன்பே, நடு வானத்திலேயே சூரியன் போய்விடுவான். இப்போதே சாப்பிட்டுவிட்டால்? அப்போதிலிருந்து நியூயார்க்கில் மறுநாள் ஏழேகால் வரை ஏறக்குறைய இருபத்து நாலு மணி நேரம். பழைய ராத்திரியே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஏழேகாலிலிருந்து பதினாறைப் பின்னால் எண்ணினாள். மூன்றேகால். நியூயார்க் நேரம் மூன்றேகாலுக்கு முன்னால் சாப்பிட்டால் உடம்பு தாங்காது. சூரியன் போனபின் சாப்பிட்டால் மனசு தாங்காது. மூன்றேகாலுக்கும் அவன் போவதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? எந்தக் கணக்கும் அதை நிமிடத்துக்குச் சொல்லவில்லை. ஜன்னல்தான் சொல்ல வேண்டும்.

கைக்கடிகாரத்தை நியூயார்க்குக்குத் திருப்பி வைத்தாள். பிரவீனுக்குத் தகவல் அனுப்பவில்லை. அனுப்பினால் சாப்பிடு, சாப்பிடு என்று அவன் அழுவான்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அட்லாண்டிக்கின் மேலே படம் பார்த்துக்கொண்டே வந்தார். மணி மூன்று ஆகும்போது சூரியன் தாழ்ந்து, நேராக ஜன்னல் வழியே பாய்ந்து, அவருடைய திரையை வெளுத்து அடித்தது. அவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். பணிப்பெண் குனிந்து, சிரித்து, ஜன்னல் மறைப்பைக் கீழே இழுக்கும்படி சைகை காட்டினாள். சாந்திமதி தலையை ஆட்டினாள்.

"நோ."

பணிப்பெண் இன்னும் இனிமையாக ஏதோ சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். சாந்திமதி தன் கையை மறைப்பின்மேல் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடக் குரல், தானாகவே மேலே ஏறியது.

"நோ ஸன், நோ ஃபுட். ஐ ஈட் ஒன்லி ஸன். டயபடீஸ். மை டாட்டர் பேபி. ஓப்பன்!"

ஐந்து வரிசை திரும்பிப் பார்த்தது. முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை; பணிப்பெண்ணின் கை பின்னால் போய்விட்டது. பெரியவர் முதலில் முறைத்தார், பிறகு அவள் மடியிலிருந்த டப்பாவையும் கைக்கடிகாரத்தையும் சூரியனையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"ஸன் கோ, ஃபினிஷ்," என்று அவருக்கு விளக்கினாள். அவர் படத்தை நிறுத்திவிட்டார்.

மூன்று பத்து. சூரியன் மேகத் தரைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தான். டப்பாவின் மூடிக்குப் போன கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மூன்று பதின்மூன்று. "நில்லுடா," என்று முணுமுணுத்தாள். சூரியனிடமா, தன் கையிடமா என்று அவளுக்கே தெரியாது.

மூன்று பதினேழு. டப்பாவைத் திறந்தாள்.

அவசரப்படவில்லை. அள்ளிப் போட்டு விழுங்கினால் தோற்ற மாதிரி என்று நினைத்தாள். ஒவ்வொரு வாயையும் மென்று, ஒவ்வொரு வாய்க்கும் ஜன்னலைப் பார்த்து, ஆறு இட்லியையும் சாப்பிட்டாள். மாத்திரையைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், டப்பாவை மூடினாள். வட்டத்தின் அடி மேகத்தைத் தொட்டிருந்தது. மூன்று முப்பத்தெட்டுக்குக் கடைசிக் கீற்றும் போனது. பெரியவர் கையைத் தட்டினார்.

ஐந்து நிமிடம் கழித்துப் பணிப்பெண் சூடான தட்டோடு வந்தாள்.

"நோ. கவுண்டர் க்ளோஸ்," என்றாள் சாந்திமதி. பிறகு பக்கத்தில் திரும்பி, ஜன்னல் மறைப்பைத் தன் கையாலேயே இழுத்து மூடினாள். "நவ் யூ ஸீ பிக்சர்."

வெளியே வந்தபோது இரவு ஏழு. மருமகன் யுவராஜ் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டான். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி சம்யுக்தா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காரில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள், மூடியைத் திறக்கும் முன்பே நெய் மணத்தது.

"அம்மா, ஒரே ஒரு வாய். இன்னைக்கு மட்டும்."

"நாளைக்கு எத்தினி மணிக்கு விடியுது இங்க?"

சம்யுக்தா செல்போனைப் பார்த்தாள். "ஏழு பதிமூணு."

"ஏழு பதினாலுக்கு எனக்கு இந்தப் பொங்கல் வேணும். யாரும் தொடாதீங்க."

செல்போன் அடித்தது. காஞ்சிபுரத்தில் இன்னும் விடியாத நேரம். பிரவீன் தூங்கவில்லை என்பது முதல் மூச்சிலேயே தெரிந்தது.

"சாப்டியாமா? லண்டன்ல ஒன்னேகால் மணி நேரம் லேட்டாமே? நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ஏம்மா சொல்லல?"

"வண்டிதான்டா லேட்டு. நான் இல்ல."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா என்று தெரியவில்லை. பிறகு, "பெரியப்பா நேத்துலருந்து நாலு வாட்டி கேட்டுட்டாரு. என்னன்னு சொல்லட்டும்?" என்றான்.

சாந்திமதி ஒரு நொடி கணக்குப் போட்டாள். இங்கே காலை ஏழேகால் என்றால் முசரவாக்கத்தில் அதே நாள் மாலை ஐந்தே முக்கால். அங்கே அவர் கடைசி வாயைப் போட்டுக்கொண்டு கை கழுவ எழுந்திருக்கிற நேரம்.

"அங்க இன்னைக்கு சாயங்காலம் சாப்ட்டு முடிச்சதும் போன் பண்ணச் சொல்லு," என்றாள். "அவரு டப்பாவ மூடற நேரத்துக்கு நான் தொறக்கறேன். சாப்டுக்கினே பேசறேன்."